புண்ணாக்கு மிதக்கும் அதிசயம்!

மீன் தீவன ஆலை என்றதும் கருவாட்டு நெடியைத்தான் எதிர்பார்த்துப் போனேன். கதவு திறந்ததும் செக்கடி வாசனை தூக்கியடிக்கிறது! கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் என்று கூரைவரை மூட்டைகள். மீன்தூளுக்கு ஒரு மூலைதான்.

"கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கெண்டை ஜாதி சார், மாட்டுக்கு வைக்கிறதையே ஆசையா தின்னும்" என்கிறார் மேற்பார்வையாளர்.

ஆனால் அப்படியே அள்ளிப் போட்டால் வேலைக்கு ஆகாது. சோயாப் புண்ணாக்கில் புரதம் சுமார் 45 சதவீதம். சோயாவில் செரிமானத்தைக் கெடுக்கும் ட்ரிப்சின் தடுப்பானும் உண்டு. வெந்தால்தான் அது அடங்கும். கடலைப் புண்ணாக்கில் ஈரம் ஏறினால் பூஞ்சை நஞ்சு. அதனால் ஒவ்வொரு லோடையும் சோதித்த பிறகே இறக்குகிறார்கள். தாவரப் புரதத்தில் குறையும் மெத்தியோனினைத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

இப்போது எக்ஸ்ட்ரூடர்! அரைத்த மாவு நீராவியில் நனைந்து, 100 டிகிரிக்கு மேலான சூட்டிலும் அழுத்தத்திலும் நெருக்கித் தள்ளப்படுகிறது. துளைத்தட்டைத் தாண்டி வெளியே வந்த நொடியில் உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகிச் சீறுகிறது. உருண்டை பொரி போல் உப்புகிறது! சூடான ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஊசிமுனைத் துளைகள். இன்னொன்றைத் தண்ணீர் டம்ளரில் போட்டேன். ஜம்மென்று மிதந்தது!

மிதந்தால் என்ன லாபம்? மீன் தின்பது கண்ணுக்குத் தெரியும். போதும் என்றதும் நிறுத்தலாம். மிச்சம் குளத்தடியில் அழுகாது.

கடைசியில் ஃபைட்டேஸ் நொதி. சூடு தாங்காது என்பதால் உருண்டை ஆறிய பிறகு தெளிக்கிறார்கள். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸுக்கு இதுதான் சாவி. திறக்காவிட்டால் அது எச்சத்தோடு வெளியேறி, குளத்தில் பாசியாகத் தழைக்கும்.

கெண்டையை விடுங்கள், மீனையே தின்று வாழும் நார்வே சால்மனும் மாறிவிட்டது! 1990-ல் அதன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்தது. 2020-ல் அது கிட்டத்தட்ட 22 சதவீதம். மீதியில் பெரும்பகுதி தாவரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காட்டை அழித்து விளைந்த சோயாவால் கடலைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மீன் வளர்ப்போரே, அடுத்த மூட்டையைப் பிரிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் மீன்தூள் எவ்வளவு, சோயா எங்கே விளைந்தது?