பசுமலை: 4 எழுத்தா, 18 பைட்டா?

பசுமலையில் மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி 1974-இல் தொடங்கியது. சற்றுத் தள்ளித் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இலிருந்து இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் சேர விரும்பிய பிள்ளைகள் அன்று வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினார்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெயரை நிரப்பி, வங்கியில் டி.டி. எடுத்து, மதிப்பெண் பட்டியல் நகலில் கெசட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்த எழுத்தர் அங்கேயே புரட்டிப் பார்ப்பார். “ஏப்பா, இனிஷியல் எங்க?” என்று கேட்டுத் தன் பேனாவையே நீட்டுவார். சரிபார்த்தவரும் ஏற்றுக்கொண்டவரும் ஒருவரே.

பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியது. அதற்கு முன்பு அதற்கென்றே மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்து பிடித்த குடும்பங்கள் ஏராளம். இன்று உசிலம்பட்டிப் பெண் கைபேசியிலோ பக்கத்து இ-சேவை மையத்திலோ விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார். பயணச் செலவும் அப்பாவின் ஒருநாள் கூலியும் மிச்சம். இந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்று எழுத்தர் ஒருவர் அல்ல, இருவர். பிரௌசர் முதலில் பார்க்கிறது, சர்வர் பிறகு பார்க்கிறது. பிரௌசரைத் தொடாமலேயே எவரும் சர்வருக்குத் தரவு அனுப்ப முடியும் என்பதால் இரண்டாவது சோதனையைக் கைவிட முடியாது. இருவரும் ஒரே விதியைப் படித்திருக்கிறார்களா என்பதில்தான் சிக்கல்.

‘பசுமலை’ நம் கண்ணுக்கு 4 எழுத்து. துணைக்குறிகளைத் தனித்தனியே எண்ணும் பிரௌசருக்கு 6. யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணும் சர்வருக்கு 18. பிரௌசர் இடம் கொடுத்த பெயரைச் சர்வர் நடுவில் வெட்டுவது இப்படித்தான். ‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதி இன்னும் மோசம்: யூனிகோட் வகைப்பாட்டில் உகரக் குறியும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. அந்த விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் சர்வர் ‘பசுமலை’யையே தவறு என்று திருப்பி அனுப்பும். ‘கொ’வை ஒரே குறியோடும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் ஒப்பிட்டால், பதிவில் உள்ள கொடைக்கானலும் தேடும் கொடைக்கானலும் வேறு வேறு ஊர்களாகிவிடும்.

எண்களும் தப்புவதில்லை. மதுரையின் தொலைபேசிக் குறியீடான 0452-ஐச் சர்வர் எண்ணாக எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 452. ஏப்ரல் 3 என்று நினைத்து 03/04 என்று எழுதியதை, மாதத்தை முதலில் வைக்கும் சர்வர் மார்ச் 4 ஆக்கிவிடும். பிரௌசரின் தேதிக் கட்டத்தில் மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. திரையில் எப்படித் தெரிந்தாலும் அது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் அனுப்பும்.

அன்று தாளில் பிழை இருந்தால் அடித்து எழுதிப் பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டால் போதும். யார், எங்கே திருத்தினார் என்பது கண்ணெதிரே நிற்கும். இன்று பிழை எங்கே நுழைந்தது என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிவதே இல்லை. பிழை இருப்பதே சான்றிதழ் சரிபார்க்கும் நாளில்தான் தெரிகிறது.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பிரௌசருக்குள் வந்தது; 2009-இல் நோட்.ஜேஎஸ் அதையே சர்வருக்கும் கொண்டுபோனது. விதியை ஓரிடத்தில் எழுதி இரு பக்கமும் பயன்படுத்தலாம். சர்வர் வேறு மொழியில் இருந்தாலும், இரண்டும் படிக்கும் ஒரே விதிப்பட்டியல் வைக்கலாம். படிவம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் படிவத்தை முதலில் ‘பசுமலை’ என்று தட்டிச் சோதியுங்கள். மறுக்க நேர்ந்தால் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று தமிழில் சொல்லுங்கள். விண்ணப்பிப்பவர் நிரப்பிய மற்ற கட்டங்களை அழித்துவிடாதீர்கள்.