தோலைப் பதமாக்கும் உப்பு கையைப் புண்ணாக்குவது ஏன்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள் ஏராளம். அந்த வேலையில் சிலருக்குக் கையில் ஓயாத அரிப்பு வரும். பிறகு கொப்புளம், வெடிப்பு. அருகில் நிற்பவருக்கோ ஒன்றும் இராது!

குற்றவாளி யார்? குரோமியம்.

முன்பு ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்புதான். தோலிலுள்ள புரத இழைகளை அது இறுகப் பிணைத்துவிடுகிறது. அதனால் தோல் அழுகுவதில்லை.

ஆட்டுத் தோலில் காட்டும் கைவரிசையை அது மனிதத் தோலிலும் காட்டுகிறது. நம் புரதத் துண்டுகளோடு (பெப்டைடு என்பார்கள்) ஒட்டி, உருவத்தை மாற்றிவிடுகிறது. வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவலர்கள். துண்டின் உருவத்தைப் பார்த்தே சொந்தமா, அந்நியமா என்று அவை தீர்மானிக்கின்றன. மாறுவேடம் பூண்ட சொந்தப் புரதத்தை எதிரி என்று எண்ணித் தாக்குகின்றன. அந்தச் சண்டையில் வருவதே புண். எல்லோருடைய காவலர்களும் இப்படி ஏமாறுவதில்லை.

சிமெண்டிலும் சிறிது குரோமியம் உண்டு. கொத்தனார்களுக்கும் இதே தொல்லை!

ஒருமுறை பகை மூண்டால் அணுக்கள் பல ஆண்டுகள் மறப்பதில்லை. வேலையை விட்டபின்னும், தோல் செருப்பு போட்டால் காலில் அரிக்கலாம். தோலுக்குள் எளிதில் புகும் வகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தாலே, உடம்பில் படும் தோல் சாமான்களை 2015 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்க முடியாது.

அரிப்பு தொடங்கியதுமே தோல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. முதுகில் மருந்து வைத்த சிறு பட்டியை ஒட்டுவார். 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். அந்த இடம் சிவந்து தடித்திருந்தால் குரோமியம் அகப்பட்டுக்கொண்டது!