முதுமையைச் சுடும் வெயில்

பாரீஸ் மாநகரின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குத் துத்தநாகத் தகடே கூரை. அதன் அடியிலுள்ள சிற்றறைகளில் தனித்து வாழ்ந்த முதியோர் பலர். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் முதல் இருபது நாள்களில் பிரான்சில் வீசிய அனல், வழக்கமான இறப்புகளுக்கும் மேலாக ஏறத்தாழ 15,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டோரில் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். ஆகஸ்டு அங்கே விடுமுறை மாதம். மருத்துவர் பலரும் ஊரில் இல்லை. உரிமை கோர ஒருவருமின்றி எஞ்சிய 57 உடல்களைச் செப்டம்பர் 3 அன்று பாரீசை அடுத்த தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் சிராக் நேரில் வந்து நின்றார்.

மறு ஆண்டே அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. தொழிலாளர் ஆண்டில் ஒரு நாள் கூடுதல் ஊதியமின்றி உழைப்பர். முதலாளிகள் அதற்கீடாக முதியோர், ஊனமுற்றோர் நலனுக்கு நிதி செலுத்துவர். அதற்கென முதலில் குறிக்கப்பட்ட நாள், பெந்தகோஸ்து திருநாளுக்கு மறுநாளான திங்கட்கிழமை!

நாற்பது டிகிரி வெயில் நமக்குப் புதிதா என்று வாசகர் கேட்கலாம். பகல் வெயிலைவிடக் கொடியது, தணியாத இரவு. பாரீசில் அந்நாள்களில் இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நிலை வந்தது. முதிய உடலில் வியர்வை குறைகிறது. குருதியைத் தோலுக்கு விரைந்து செலுத்த இதயம் திணறுகிறது. எல்லாவற்றினும் வஞ்சகமானது, தாக உணர்வே மங்கிவிடுவது. உடல் வறண்டும் நா நீர் கேட்பதில்லை. இரத்த அழுத்தத்துக்கென உண்ணும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் வறட்சியை மிகுவிக்கும்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோவில் 700-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கள்வருக்கஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு தனித்திருந்த முதியோர் அவர்களுள் பலர். ஆயின் கடைகளும் மக்கள் நடமாட்டமும் நிறைந்த ஏழைப் பகுதியொன்றில் இறப்பு குறைவாகவே இருந்தது. அங்கே முதியோர் வெளியே வர அஞ்சவில்லை.

நம் நாட்டில் அகமதாபாத் நகரம் 2010 மே மாத அனலில் வழக்கத்தினும் 1,344 பேரைக் கூடுதலாக இழந்தது. 2013-இல் அந்நகராட்சி முன்னெச்சரிக்கைத் திட்டமொன்றை வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெண்பூச்சும் பூசலாயிற்று.

"தாகமில்லை" என்று பாட்டி சொன்னாலும், மணிக்கொருமுறை சிறிது மோரோ கஞ்சித் தண்ணீரோ கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு எவ்வளவு நீர் தகும் என்பதையும், கோடையில் மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.