முகமறியாதவரிடம் ஒரு கேள்வி

ஒக்கலிபுரத்தில் குடியிருப்போருக்குத் தெரியும்: பகலில் மங்கிக் கேட்கும் இரயில் ஓசை, இரவில் வீட்டு வாசலிலேயே எழும்புவதுபோலிருக்கும். ஏன்? இணையத்தில் கேட்டேன். முகமறியாத ஒருவர் பதிலெழுதினார்: இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால், மேலெழும் ஓசை கீழ்நோக்கி வளைகிறதாம்.

இத்தகைய சிறு வியப்புகளைத் தாய்மொழியிலேயே பகிர்ந்துகொள்ள, 2020-இல் நம் பெங்களூரிலேயே 'கூ' என்னும் செயலி தோன்றியது. மஞ்சள் குருவி அதன் சின்னம். தமிழும் அதில் இருந்தது. 2024 ஜூலையில் அது நிறுத்தப்பட்டது. (குருவி பறந்துபோனால், அங்கே பழகியவரை எந்தத் தெருவில் போய்த் தேடுவது?)

அச்செய்தியைப் படித்த இரவில், அதே இரயில் கேள்வியை என் மனைவியிடம் கேட்டேன். "எனக்கும் நெடுநாளாய் இதே சந்தேகம். வேலை முடிந்து களைத்து வருகிறீர்களே என்று கேட்கவில்லை" என்றாள்.