கட்டப்பட்ட கைகள்

முதியோர் இல்லத்தைப் பற்றிப் புகார் வந்தால் விசாரிப்பது யார்?

தில்லியை ஒட்டிய நொய்டாவின் செக்டர் 55. அங்குள்ள ஒரு முதியோர் இல்லத்தில் எடுக்கப்பட்ட வீடியோ 2025 ஜூனில் கைக்குக் கை மாறியது. அதில் ஒரு மூதாட்டியின் கைகள் கட்டப்பட்டிருந்தன. உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையத்தினர் போலீசோடு உள்ளே நுழைந்தபோது, வீடியோ காட்டியது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. பூட்டிய அறைகளில் முதியவர்கள். சில ஆண்களின் உடம்பில் துணி இல்லை. மலமும் சிறுநீரும் படிந்த உடையோடு சிலர். செவிலியர் என்று சொல்லிக்கொண்ட பெண் படித்திருந்தது பிளஸ் டூ. மீட்கப்பட்டவர்கள் 39 பேர்.

தர்மத்துக்கு நடந்த இடமும் அல்ல. நன்கொடை என்று ரூ. 2.5 லட்சம், பிறகு மாதம் ரூ. 6,000 வாங்கியதாகச் செய்திகள் கூறின. அதாவது நாளொன்றுக்கு 200 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு போக, படுக்கையில் கிடப்பவரை நடுராத்திரியில் புரட்டிப் போட ஆள் எங்கிருந்து வரும்? பணம் கட்டுகிறவர்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஏழை முதியவர்கள் 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பராமரிப்புத் தொகை கேட்கத் தீர்ப்பாயம் உண்டு. முதியவரைக் கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ. 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் தனியார் இல்லங்களின் பதிவு பற்றி அதில் பேச்சில்லை. சில மாநிலங்கள் தாமாகவே பதிவைக் கொண்டுவந்தன. நாடு முழுமைக்கும் அதைக் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிலைக்குழு 2021-ல் அறிக்கையும் கொடுத்தது. 2024-ல் மக்களவை கலைக்கப்பட்டது; மசோதாவும் காலாவதியானது.

மிச்சமிருப்பது குற்றவியல் சட்டம்தான். ஒருவரை அடைத்து வைத்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 127-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. நாட்கள் கூடினால் தண்டனையும் கூடும். பூட்டைப் பார்த்தவுடன் வழக்குப் போட்டுவிடலாம். படுக்கைப் புண்ணுக்கும், குறைந்துபோன எடைக்கும், கொடுக்காத மாத்திரைக்கும் அது போதாது. அவற்றை நிரூபிக்கப் பதிவேடு வேண்டும். அதை எழுதுவது இல்லத்தார். சாட்சி சொல்ல வேண்டியவரோ அன்று இரவும் அவர்கள் கையால் சாப்பிட வேண்டியவர். ஞாபக மறதி இருந்துவிட்டால் அவர் சொல்வது எடுபடாது. விசாரிக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்தால் போர்வை மாறியிருக்கும், கட்டு அவிழ்ந்திருக்கும்.

முதியவர்களுக்காக 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2021 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. காலை 8 முதல் இரவு 8 வரை. பூட்டிய அறைக்குள் இருப்பவரிடம் போன் இருந்தால் பேசலாம்.

நொய்டாவில் மீட்கப்பட்டவர்களை அரசு முதியோர் இல்லங்களுக்கு மாற்றுவதாக அதிகாரிகள் அறிவித்தனர். அங்கே போய்ச் சோதிக்க வேண்டியதும் அதே அரசுதான்.