காம்பவுண்டு வில்லுக்கு ஏற்ற குறிநோக்கி

வில்லிலிருந்து நீங்கிய அம்பு நேர்கோட்டில் செல்வதில்லை. நாணை விட்ட கணத்திலேயே புவியீர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கத் தொடங்குகிறது. விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 20 மீட்டர் கடப்பதற்குள் சுமார் 31 சென்டிமீட்டரும், 50 மீட்டர் கடப்பதற்குள் 1.9 மீட்டரும் தாழ்ந்துவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவர் கரும்பலகையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இத்தாழ்வை முன்னதாகவே ஈடு செய்து வில்லை உரிய கோணத்தில் உயர்த்தச் செய்வதே குறிநோக்கியின் பணியாகும். பயிற்சிக் களங்களில் இதனைச் 'சைட்' என்றே வழங்குவர்.

காம்பவுண்டு வில்லை அமைத்தவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். 1966இல் விண்ணப்பித்த அவருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. வில்லின் இரு முனைகளிலும் உள்ள மையம் பிறழ்ந்த கப்பிகள் முழு இழுப்பில் பளுவைக் குறைத்துவிடுகின்றன. 60 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில் 75 விழுக்காடு தளர்வு இருப்பின், இறுதி நிலையில் கை தாங்குவது 15 பவுண்டே. ஆகவே நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்கிறது. குறிநோக்கியின் நுட்பத்துக்கும் பயன் உண்டாகிறது.

இவ்வில்லின் முதன்மையான பயன் அயல்நாடுகளில் வேட்டையாகவே இருந்து வந்துள்ளது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடமளிப்பதில்லை. எனவே வேட்டைக்கென விற்கப்படும் குறிநோக்கியை இங்கு வாங்குவோர் அதனை இலக்குப் பலகைக்கே பயன்படுத்த வேண்டியவராவர். அவ்விலக்கில் நம்மவர் பெற்ற வெற்றி சிறிதன்று. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுகளில் காம்பவுண்டுப் பிரிவின் 5 தங்கப் பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், இரு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி, ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டுக் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறவுள்ளது. இதனால் மாணவர்க்குக் கருவி வாங்கித் தரும் பொறுப்பு பல பள்ளி ஆசிரியர்களைச் சேரக்கூடும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தொலைவு. பல ஊசிகள் கொண்ட குறிநோக்கியில் ஒவ்வோர் ஊசியும் 20, 30, 40 மீட்டர் என ஒரு தொலைவுக்கு நிலைநிறுத்தப்படும். விலங்கு எங்கே தோன்றும் என்றறியாத வேட்டைக்காரனுக்கு அது வசதி. மாணவனுக்கோ ஊசிகளின் நெருக்கமே குழப்பம் தரும், தவறான ஊசியைப் பார்த்து எய்வதும் உண்டு. ஒற்றை ஊசியை மேலும் கீழும் நகர்த்தும் வகையே இலக்குப் பயிற்சிக்கு ஏற்றது. காம்பவுண்டுப் போட்டியின் தொலைவு 50 மீட்டர் என வரையறுக்கப்பட்டிருப்பதால், எய்யும் நேரத்தில் மாற்ற வேண்டிய அவசரமும் இல்லை.

தொலைவைத் தவறாக வைத்தால் நேர்வது என்ன? 50 மீட்டர் இலக்குக்கு 47 மீட்டர் எனக் குறிநோக்கி வைக்கப்பட்டால், மேற்சொன்ன அம்பு சுமார் 11 சென்டிமீட்டர் கீழே பதியும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 8 சென்டிமீட்டர்தான். ஆகவே அம்பு எட்டாம் வட்டத்துக்கு இறங்கிவிடும். 20 மீட்டரில் இதே 3 மீட்டர்ப் பிழை 5 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அண்மைத் தொலைவில் நன்றாக எய்பவன் நெடுந்தொலைவில் தடுமாறுவதற்கு அவன் கையே காரணமென்று கடிந்துகொள்ளுமுன் இக்கணக்கைப் பார்ப்பது நலம்.

அடுத்தது திருகின் நுட்பம். நாணில் பதித்த துளைக்கும் ஊசிக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஊசியை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால், 50 மீட்டரில் அம்பு ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர் இடம் மாறும். மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நகர்த்த இயலாத திருகு போட்டிக்கு உதவாது. பெங்களூரு ஓசூர் நெடுஞ்சாலையில் ஹெப்பகோடியையும் அதனையடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் அறிந்தோர்க்கு இது புதிதன்று. கடைசல் இயந்திரத்தில் திருகைத் திருப்பியும் கருவி நகராத 'வெற்றுச் சுற்று' எத்தகைய தொல்லை என்பது அங்குள்ள தொழிலாளிக்குத் தெரியும். குறிநோக்கியிலும் அதே சோதனையைச் செய்யலாம். அளவுகோலில் 30இலிருந்து 40க்கு ஏற்றுக. பின்னர் 50க்குச் சென்று மீண்டும் 40க்கு இறக்குக. இரு முறையும் ஊசி ஒரே உயரத்தில் நில்லாவிடில், விலை எதுவாயினும் அதனை வாங்கற்க.

ரசமட்டம் இல்லாத குறிநோக்கியையும் தவிர்த்தல் வேண்டும். வில் 2 பாகை சாய்ந்தாலே 50 மீட்டரில் அம்பு 6 முதல் 7 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். அச்சாய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊசியின் தடிப்பும் கருதத்தக்கது. 0.74 மில்லிமீட்டர் ஊசி 50 மீட்டரில் 4 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும், 0.48 மில்லிமீட்டர் ஊசி மறைப்பது 2.7 சென்டிமீட்டரே. ஆனால் மெல்லிய ஊசி மங்கிய ஒளியில் தெரியாது போகும். ஒளியிழை பொருத்திய ஊசி இக்குறையை ஓரளவு போக்கும். லென்ஸ் காம்பவுண்டுப் பிரிவில் அனுமதிக்கப்பட்டதே. எனினும் அது இலக்கோடு கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டுமாதலால் தொடக்கநிலை மாணவர்க்கு வேண்டுவதில்லை. அப்பணத்துக்கு ஒரே எடையுள்ள அம்புகளை வாங்கித் தருவதே மேல்.

பொருத்திய பின் குறிநோக்கியைத் திருத்தும் விதி எளிது: அம்புகள் சென்ற பக்கமே ஊசியையும் நகர்த்துக. உயரப் பதிந்தால் ஊசியை மேலே ஏற்றுக. இடப்புறம் பதிந்தால் இடப்புறம் நகர்த்துக. ஓர் அம்பைக் கண்டு திருத்தாமல், குறைந்தது ஆறு அம்புகள் குழுமிய இடத்தைக் கண்டே திருத்துக. அளவுகோல் நாடாவில் குறித்த தொலைவுகள் அந்த வில்லுக்கும் அந்த அம்புக்கும் மட்டுமே பொருந்தும். இழுவிசையையோ அம்பின் எடையையோ மாற்றினால் மீண்டும் எய்து புதிதாகக் குறித்தல் வேண்டும். ஒவ்வோர் எய்தலிலும் ஏற்படும் அதிர்வு திருகுகளைத் தளர்த்துமாதலால், திருகுக்கும் அதன் இருக்கைக்கும் குறுக்கே மையினால் ஒரு கோடிட்டு வைத்தால், எது அசைந்தது என்பது பயிற்சிக்கு முன்னரே தெரிந்துவிடும்.