ஒப்பந்த கேமும் திருவள்ளூர் காரும்

சோனி, மைக்ரோசாஃப்ட் மாதிரி கன்சோல் விற்கிற கம்பெனிகளுக்கு கேம் கிடைக்க இரண்டு வழி. சொந்த ஸ்டூடியோ வைத்துச் செய்யலாம். இல்லைன்னா வெளி நிறுவனத்துக்குக் காசு கொடுத்து, கொஞ்ச காலத்துக்கு நம்ம கன்சோலில் மட்டும்னு ஒப்பந்தம் போடலாம். சொந்த கேமுக்கு வருஷக்கணக்கில் சம்பளம் கொடுக்கணும், ஓடுமான்னும் தெரியாது. அதனால் ஒப்பந்தம்தான் சுலபமாகத் தெரியும்.

சோனி 2021-இல் தன் ஜப்பான் ஸ்டூடியோவைப் பெருமளவு கலைத்தது. ஸ்கொயர் எனிக்ஸின் ஃபைனல் ஃபேண்டசி 16, 2023-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் வந்தது. 2025-இல் அதே கேம் எக்ஸ்பாக்ஸுக்கும் போய்விட்டது.

இதே கதை நம்ம பக்கத்திலும் நடந்திருக்கிறது, கார் தொழிலில். பெரியபாளையத்துக்குத் தென்மேற்கே திருவள்ளூர். அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அங்கே 1998-இல் மிட்சுபிஷியின் லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு இசுசுவுக்கும் ஒப்பந்தத்தில் வண்டி செய்து கொடுத்தது. சொந்த வண்டியான அம்பாசிடரோ, 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உருவத்தோடே ஓடி 2014-இல் நின்றுபோனது. 2016-இல் இசுசு, கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது.

ஒப்பந்தம் தப்பில்லை; ஆலை ஓடும், ஆட்களுக்குச் சம்பளம் வரும். ஆனால் அது முடிகிற நாளில் பெயரும் வடிவமைப்பும் உரிமையாளரோடு போய்விடும். கையில் மிஞ்சுவது நாமே செய்த பொருள்தான்.

ஜப்பான் ஸ்டூடியோவில் சோனி கலைக்காமல் விட்டது டீம் அசோபி என்ற சின்னக் குழு. அவர்கள் செய்த ஆஸ்ட்ரோ பாட்தான் 2024-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம். அது சோனியின் சொந்தச் சொத்து.